நாலு சுவரிலும் பெருமாள்

அறுபதுகளின் தொடக்கத்தில் நானும் என் வீட்டுக்காரரும் ஸ்ரீரங்கத்தில், மொட்டைக் கோபுரத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு லாட்ஜ் நடத்தினோம். எட்டே அறைகள். ஊரில் தங்குமிடத்துக்குப் பஞ்சமில்லை; நம்முடையதில் ஏதாவது விசேஷம் இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம். கடைகளுக்குப் போர்டு எழுதுகிற பெயிண்டரைக் கூப்பிட்டு, ஒவ்வொரு அறையிலும் நாலு சுவரிலும் பெருமாளை எழுதச் சொன்னேன். பள்ளிகொண்ட கோலம், கருட வாகனம், குதிரை வாகனம், தாயாரோடு சேர்த்தி. வருகிறவர்களுக்குக் கோயிலுக்குள்ளேயே தங்கின மாதிரி இருக்கட்டுமே என்று நினைத்தேன்.

அறைக் கதவைத் திறந்ததுமே எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "இப்படி ஒரு ரூம் எங்கேயும் பார்த்ததில்லைங்க" என்று சொல்லாதவர்கள் குறைவு. எனக்குத் தலைகால் புரியவில்லை. படுக்கிற நேரத்தில் பாதிப் பேர் பாயைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்துவிடுவார்கள். காற்றுக்காக வருகிறார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். கெட்டிக்காரி என்று எனக்குப் பெயர் வேறு.

அந்த மார்கழியில், வைகுண்ட ஏகாதசிக்கு முதல் நாள், ஒரு வயதான தம்பதி வந்தார்கள். அவர் ரயில்வே உத்தியோகத்தில் முப்பது வருஷம் நாக்பூரில் இருந்து ஓய்வு பெற்றவர். மாமிக்குக் கால் வீக்கம். ராத்திரியில் காலை நீட்டிப் படுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். விடியற்காலையில் சொர்க்கவாசல் திறக்கும்போது பெருமாளுக்குப் பின்னாலேயே ஒரு தடவை நடந்து போக வேண்டும், மாமிக்கு அது ஒன்றுதான் ஆசை. இருப்பதிலேயே நல்ல அறையை அவர்களுக்குக் கொடுத்தேன்.

பொழுது விடிந்து வெந்நீர் எடுத்துக்கொண்டு போனால், கோயிலுக்குப் போயிருக்க வேண்டியவர்கள் அறையிலேயே இருந்தார்கள். மாமி அறையின் நடுவில், சுவரில்கூடச் சாயாமல், காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் வீங்கி மினுமினுத்தன.

"ஏன் மாமி, படுக்கலையா?"

"எந்தப் பக்கம் காலை நீட்டறதும்மா? நாலு பக்கமும் பெருமாள்னா எழுந்தருளியிருக்கார். வெளியில படுக்கலாம்னா தாழ்வாரம் பூரா ஆம்பளைகள்."

கையில் இருந்த செம்பை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. சாமி பக்கம் காலை நீட்டக் கூடாது என்று எனக்கு மட்டும் தெரியாதா? எங்கள் வீட்டில் சாமி படங்கள் ஒரே பக்கத்தில் இருந்தன. அதனால் யோசிக்க வேண்டி வந்ததே இல்லை.

மாமியால் எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. குதிரை வண்டி வைத்து, கோயிலைத் தாண்டி, திருச்சி ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். வண்டியில் ஏறும்போது மாமி என்னைப் பார்த்துச் சிரித்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அந்த வாரமே ஒவ்வொரு அறையிலும் ஒரு சுவருக்காவது வெள்ளையடித்துவிடச் சொன்னேன். "பெருமாள் மேல சுண்ணாம்பு அடிக்க என்னால ஆகாதும்மா" என்று பெயிண்டர் போய்விட்டார். என் வீட்டுக்காரரும் வெள்ளையடிக்கிற மட்டையைத் தொடவில்லை. நானே அடித்தேன். மாமி இருந்த அறையில் பள்ளிகொண்டவர் இருந்த சுவரைத்தான் அடித்தேன். பாய் போட்டால் கால் வருகிற பக்கம் அதுதான். இரண்டு பூச்சுக்குப் பிறகும் கண்கள் தெரிந்தன. மூன்றாவது பூச்சும் அடித்தேன்.

அடுத்த மார்கழியில் மாமியின் வீட்டுக்காரர் மட்டும் வந்தார். அதே அறையைக் கேட்டார்.

"தை மாசமே போயிட்டாம்மா. கடைசி வரைக்கும் இந்த ரூம் பெருமாளைப் பத்தித்தான் பேச்சு. கோயில் கூட்டத்துல ஒரு நிமிஷம் கிடைச்சிருக்குமா, ராத்திரி பூரா எதிர்ல சயனிச்சிண்டிருந்தவரைக் கண் குளிரச் சேவிச்சேன்னு சொல்லிண்டே இருந்தா. அவரை நானும் சேவிச்சுட்டுப் போலாம்னு வந்தேன்."

கதவைத் திறந்துவிட்டேன். அவர் வெள்ளைச் சுவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நான்தாங்க அடிச்சேன். இனிமே வர்றவங்களாவது காலை நீட்டிப் படுக்கட்டும்னு..." என் மேலேயே எனக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் அடங்கவில்லை.

"இங்கேதானே இருந்தார்?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமாங்க."

மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அந்த வெள்ளைச் சுவருக்கு முன்னால் விழுந்து சேவித்தார். அவர் எழுந்திருக்க வெகு நேரம் ஆயிற்று.