மூன்றாவது சர்வர்

கோபம் வந்தால் வாயை மூடிக்கொண்டே மனிதரை வதைப்பதில் திபேரியு ஹொதொரோகாவை மிஞ்ச எங்கள் யாஷ் நகரத்தில் ஆள் கிடையாது. வாரக்கணக்கில் பேசமாட்டான். அவன் மனைவி அக்லாயா இத்தாலியின் தூரினில் ஒரு கிழவிக்குப் பணிவிடை செய்யப் போனதற்குப் பாதிக் காரணம் அதுதான் என்பேன்.

இத்தாலியில் பிழைக்கும் நம்மவர்கள் இணையம் வழியாக வீட்டுக்குப் பேச வழி செய்வது எங்கள் கம்பெனி. வந்து குவியும் அழைப்புகளை நான்கு கணினிகளுக்கு, அதாவது சர்வர்களுக்கு, பிரித்துவிடும் விதியைத் திபேரியுதான் எழுதினான். அழைப்பவரின் எண்ணை வைத்துச் சர்வர் முடிவாகும். திரும்பத் திரும்ப அழைத்தாலும் அவருக்கு அதே சர்வர்தான். அதில் அவனுக்கு ஏகப் பெருமை.

ஈஸ்டருக்கு முந்தின நாள் மூன்றாவது சர்வரில் கோளாறு. அங்கிருந்து பேசுவது இங்கே கேட்கும், இங்கே பேசுவது அங்கே போகாது. ஆனால் எங்கள் சோதனை நிரல் "இருக்கிறாயா?" என்று விசாரித்தால் "இருக்கிறேன்" என்று ஒழுங்காகப் பதில் தரும். அதனால் அழைப்புகள் அதற்கும் போய்க்கொண்டே இருந்தன.

"யோவ், அதை நிறுத்தித் தொலையேன்," என்றேன்.

"நாளைக்கு இத்தாலியே பேசும். மூணை வெச்சு எப்படிச் சமாளிக்கிறது? கொஞ்சப் பேருக்குத்தானே கேக்கலை? இப்படியே ஓடட்டும், விடு."

இப்படியே ஓடட்டும். இந்த நாட்டைக் குட்டிச்சுவராக்கியதே இந்த வார்த்தைதான்.

மறுநாள் எங்கள் இருவருக்கும் அலுவலகத்தில் வேலை. ஈஸ்டருக்கென்று சாயம் போட்ட சிவப்பு முட்டையை உரித்துக்கொண்டிருந்தபோது அவன் போன் அடித்தது. கையெல்லாம் முட்டை என்பதால் ஸ்பீக்கரில் போட்டான்.

"கிறிஸ்து உயிர்த்தார்!" அக்லாயாவின் குரல். ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்கள் முழுக்க அவர்களுக்குள் பேச்சில்லை.

"உண்மையாகவே உயிர்த்தார்!" என்றான். ஈஸ்டர் வாழ்த்துக்கு ஜென்மப் பகைவனுக்குக்கூட இந்தப் பதிலை யாரும் மறுப்பதில்லை.

"கிறிஸ்து உயிர்த்தார்... திபேரியு? இதுக்குமா பதில் சொல்ல மாட்டே? கல்நெஞ்சுக்காரா! சரி, கேட்டுக்கோ. இன்னும் ரெண்டு வருஷம் இருன்னு கிழவியோட மக கெஞ்சறா. நீ வான்னு ஒரு வார்த்தை சொல்லு, நாளைக்கே பஸ் ஏறிடறேன்."

"ஹலோ! கேக்குதா? ஹலோ!" என்று அவன் கத்தினான். அவள் துண்டித்துவிட்டு மறுபடி அழைத்தாள். அவளுடைய எண்ணுக்கு வாய்த்தது மூன்றாவது சர்வர். மறுபடியும் அதிலேயே விழுந்தாள். இந்த முறை அவள் அழுவது மட்டும் கேட்டது. இவன் திருப்பி அழைப்பதற்குள் போனை அணைத்துவிட்டாள்.

திங்கட்கிழமைதான் கிடைத்தாள். இந்த முறை அழைத்தது அவன் எண் என்பதால் வேறு சர்வர்; ஸ்பீக்கரில் குரல் தெளிவாகப் போய் வந்தது.

"மூணாவது சர்வர் பண்ண வேலை அக்லாயா! நான் பதில் சொன்னேன், சத்தியமா!"

சிரித்தாள். "பேசாம இருந்ததுக்கு இதுவரைக்கும் நீ சொன்னதுலயே இதுதான் அழகான சாக்கு. சரி, நம்பறேன். வரட்டுமான்னு கேட்டேனே, அதுக்கு என்ன சொன்னே?"

ஹலோ என்பதைத் தவிர அவன் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. பொய் சொல்லவும் வரவில்லை.

"இப்பச் சொல்லேன்," என்றாள்.

வா என்று சொல்லடா பாவி என்று கத்தத் தோன்றியது எனக்கு. அவனோ, "அது என்னன்னா, அழைக்கிறவங்க நம்பரை வெச்சுத்தான் சர்வரை..." என்று ஆரம்பித்தான்.

அவள் போனை வைத்துவிட்டாள்.

அந்தக் கோடையில் தன் குளிர்காலக் கம்பளிக் கோட்டுகளையும் தூரினுக்கு அனுப்பச் சொல்லி எழுதினாள். மடித்துக் கட்டி அனுப்பினான்.