தணிகாசலம் வீட்டுப் பியானோ

தணிகாசலம் தன் தப்பை ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. மில்லில் முப்பத்தோரு வருடம் ஃபிட்டராக இருந்தான். நானும் அதே ஷிப்டுதான். எந்த மெஷின் நின்றாலும் முதலில் மேஸ்திரியைத் திட்டுவான், பிறகு பஞ்சைத் திட்டுவான், கடைசியாகக் கரண்ட்டைத் திட்டுவான். அப்புறம் எண்ணெய்க் குப்பியோடு உள்ளே போய் அதை ஓடவிட்டுத்தான் வெளியே வருவான். வாய்க்கொழுப்பு அதிகம், கை சுத்தம். மில்லை மூடியபின் முதலியார்பேட்டையில் எங்கள் தெருவில் உள்ள தையல் மெஷின், மிக்ஸி, சைக்கிள் எல்லாவற்றுக்கும் அவன்தான் வைத்தியன்.

அவனுக்கு ஒரே பெண், கவிநிலா. கான்வென்டில் படிக்கும்போது ஒரு சிஸ்டர் அவளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தார். மார்க் குறைந்தாலும் சரி, தோழியோடு சண்டை என்றாலும் சரி, பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு மணி நேரம் வாசித்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது மாதிரி வீட்டுக்கு வருவாள். பத்தாவது படிக்கும்போது அப்பாவிடம் ஒரு பியானோ கேட்டாள்.

"வாங்கி எங்க வைக்கறது, என் தலை மேலயா?" என்றான். அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

வளர்ந்து லாஸ்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் கிளார்க் ஆனாள். சேதராப்பட்டில் வேலை பார்த்த இளஞ்செழியனைக் கட்டிக்கொண்டாள். நல்ல பையன், மாமனாரின் வாய்க்கு ஈடுகொடுத்துச் சிரிக்கத் தெரிந்தவன். போன கார்த்திகையில் ஒரு நாள் காலையில் வேலைக்குப் போனான். நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. வயது முப்பத்தாறு.

கவிநிலா அழவில்லை. பெண்கள் மாறி மாறிக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். காரியம் முடிந்து அப்பா வீட்டோடு வந்த பிறகும் அதே கதைதான். ஆபீசுக்குப் போவாள், வருவாள், போட்டதைச் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுப்பாள். எது கேட்டாலும் ஒரு 'ம்'. தெருவில் சிலர் கல்நெஞ்சுக்காரி என்றார்கள். அந்த நாக்குகளில் சூடு வைத்தால் தப்பில்லை.

"அழுது தீக்கலன்னா உள்ளயே புழுங்கி அவளுக்கும் ஏதாச்சும் ஆயிடும்ண்ணே" என்று அவள் அம்மா தையல்நாயகி என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

மூன்று மாதம் இப்படியே போனது. ஒரு நாள் டீக்கடையில் தணிகாசலம், "பலராமா, பியானோ ஒண்ணு வாங்கணும்" என்றான்.

"டீக்கே என்னைக் காசு குடுக்க வுடற. பியானோவா?" என்று சிரித்தேன்.

அவன் சிரிக்கவில்லை. "அப்பவே வாங்கிக் குடுத்திருக்கணும்டா. எம்பொண்ணுக்கு மனசு சரியில்லன்னா அதுகிட்டதான் போவா. இப்பப் போறதுக்கு இடமில்லாம நிக்கறா." இப்படி ஒரு பேச்சை அவன் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு அவனோடு கிளம்பினேன்.

கடற்கரையை ஒட்டிய தெருவில் பிரெஞ்சு மரியாதையில் 'முசே' என்று எல்லோரும் கூப்பிடும் தேவதாஸ் வீட்டில் ஒன்று விலைக்கு இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்குகிறவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டதால் மகளோடு இருக்கப் பிரான்சுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். தணிகாசலம் பீரோ வாங்க வந்தவன் மாதிரி மரத்தைத் தட்டிப் பார்த்தான், கரையான் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தான், சக்கரத்தை உருட்டிப் பார்த்தான்.

"வாசிச்சிப் பாருங்க முசே" என்றார் தேவதாஸ்.

இவன் காலிங் பெல் அமுக்குவது போல ஒரு கட்டையை ஒற்றை விரலால் அமுக்கினான். சத்தம் வந்தது. பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டான். வண்டியில் ஏற்றும்போது தேவதாஸ் சொன்னார்: "நம்ம ஊரு உப்புக் காத்து கம்பியத் தின்னுடும். துரு ஏறாம பாத்துக்குங்க." இதை அவர் வேறு யாரிடமாவது சொல்லியிருக்கலாம்.

குட்டியானை வண்டியில் ஏற்றி, ஆறு பேர் இறக்கினோம். கிரில் கதவைக் கழற்றியும் உள்ளே நுழைக்கப் பெரும்பாடு பட்டோம்; என் கால் கட்டைவிரல் நகம் போனது. சாயங்காலம் கவிநிலா வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்று பார்த்தாள். இரண்டு கட்டைகளைத் தொட்டாள்.

"சுருதி விலகியிருக்குப்பா. ஆள் வந்து சரி பண்ணணும்" என்றாள். ஒரு வாரத்துப் பேச்சை ஒரே மூச்சில் பேசிவிட்டாள். அவளே சென்னைக்குப் போன் போட்டு விஜயராகவன் என்ற ஆளைப் பிடித்தாள். பத்து நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார்.

அந்தப் பத்து நாளில் வீடே மாறியது. ஆபீஸ் விட்டு நேராக வந்தாள். ஒவ்வொரு கட்டையாகத் துணியால் துடைத்தாள். ஒரு ராத்திரி இன்னொரு தோசை கேட்டாளாம். தையல்நாயகி இதை என் மனைவி லட்சுமியிடம் மூன்று தடவை சொன்னாள்.

தணிகாசலத்துக்குக் கை சும்மா இருக்குமா? கவிநிலா ஆபீஸ் போனதும் பியானோவின் மூடியைத் திறந்தான். உள்ளே கம்பிகள் சுற்றியிருக்கும் ஆணிகள் இருநூறுக்கு மேல், அத்தனையிலும் துரு.

"இத வச்சிக்கிட்டு வர்ற ஆளு எப்பிடிடா திருப்புவான்? டார்ச்சப் புடி" என்றான்.

பிடித்தேன். தையல் மெஷின் எண்ணெயை ஓர் ஆணிக்கு இரண்டு சொட்டு வீதம் விட்டான். மரம் உறிஞ்சிக்கொண்டது. "எப்பிடிக் குடிக்குது பாரு" என்று மறுநாளும் விட்டான், அதற்கடுத்த நாளும் விட்டான். எனக்கும் திருப்தியாகத்தான் இருந்தது. நாங்கள் மில்காரர்கள், இரும்புக்கு எண்ணெய் விடுவது எங்களுக்குப் புண்ணிய காரியம்.

ஞாயிற்றுக்கிழமை விஜயராகவன் வந்தார். கவிநிலா தலை குளித்து, நல்ல சேலை கட்டிப் பக்கத்திலேயே நின்றாள். அவர் சாவியை மாட்டி ஓர் ஆணியைத் திருப்பினார். கையை எடுத்ததும் அது தானாகத் திரும்பிக்கொண்டது. வேறொன்றைத் திருப்பினார், அதுவும் அப்படியே. விரலை மோந்து பார்த்தார்.

"யாரு சார் எண்ணெ விட்டது?"

தணிகாசலம் மார்பை நிமிர்த்திக்கொண்டு, "நான்தான். துரு இருந்துச்சி" என்றான்.

"மரம் இறுக்கிப் புடிச்சாதான் சார் ஆணி நிக்கும். எண்ணெ உள்ள இறங்கிடுச்சி, இனிமே புடிக்காது. எத்தனை தடவை கூட்டினாலும் சுருதி நிக்காது. உள்ள மரத்தையே மாத்தணும். அதுக்கு வேற பியானோவே வாங்கிடலாம்."

தணிகாசலம் திட்டுவதற்கு ஆள் தேடுவான் என்று நினைத்தேன். என்னைத் திட்டியிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் மகளைப் பார்த்தான். "தப்புப் பண்ணிட்டேம்மா" என்றான்.

அவள் கோபப்படவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, அவர் திருப்பிய ஆணிக்குரிய கட்டையை அமுக்கினாள். சத்தம் தொய்ந்து போய் வந்தது. திரும்பவும் அமுக்கினாள்.

"எனக்குன்னு வர்றது எதுவுமே தங்காதாப்பா?" என்றாள். அதோடு குரல் உடைந்தது. கட்டைகள்மேல் அப்படியே கவிழ்ந்து, "என்னங்க, என்னங்க" என்று இளஞ்செழியனைக் கூப்பிட்டு அழுதாள். தெருவே கேட்கும்படி அழுதாள். தையல்நாயகி அடுப்படியிலிருந்து ஓடிவந்து அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அழுடி, அழுதுடு" என்றாள்.

விஜயராகவன் காசு வாங்காமலே போய்விட்டார். தணிகாசலம் மகள் பக்கம் போகத் துணிவில்லாமல் வாசலுக்கு வந்து என் பக்கத்தில் நின்றான். வாயில் வந்ததை நான் சொன்னேன்: "வுடுடா, அழுதுட்டா இல்ல? இதுக்குத்தான எல்லாரும் தவிச்சோம்?"

"நான் அதுக்கா வாங்கினேன்?" என்றான் தணிகாசலம். "அவ வாசிக்கறதுக்கு வாங்கினேன்டா."

அவள் வெகுநேரம் அழுதாள். அது ஓயும்வரை இரண்டு பேரும் வாசலிலேயே நின்றிருந்தோம்.