பன்றிக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு கிளை

ஏப்ரல் மழை கொஞ்சம் ஓய்ந்து வெயில் எட்டிப் பார்க்கும் நாளில் எங்கள் சீலோயே தீவில் ஆப்பிள் இடிப்போம். அவரவர் மூட்டையைக் கொண்டுவந்து ஒரே மரத்தொட்டியில் கொட்டவேண்டும். யார் வீட்டுப் பழம் என்ற பேச்சே கிடையாது. ஆண்கள் எதிரெதிரே நின்று நீளக் கம்புகளால் இடிப்பார்கள். பெண்கள் நாங்கள் கூழை அள்ளிப் பிழிவோம். சாறு பீப்பாயில் கிடந்து பொங்கினால் குளிர்காலத்துக்குச் சிச்சா என்கிற ஆப்பிள் கள் ரெடி.

அந்த வருஷம் எர்மோசினா கார்கமோ தன் மூட்டையை யாரையும் தொடவிடவில்லை.

அவள் ஊர்ச் சங்கத்தின் தலைவியாக இருந்தவள். படகுத்துறைக்கு விளக்கு வந்தது அவள் நச்சரிப்பால்தான். சிவப்பு ஆப்பிள் வந்ததும் அவளால்தான். கடைகளுக்கு ஒரே அளவில் பளபளக்கும் பழம் வேண்டுமென்று வெளியூர் வியாபாரி ஒருவன் கேட்டான். பழைய மரங்களை அறுத்து, அடிமரத்தில் சிவப்பை ஒட்டுக்கட்டச் சொன்னாள் எர்மோசினா. அறுத்தோம். எங்களில் மூத்தவளான டெல்மிரா மட்டும் மறுத்தாள். அவளுடையது குழந்தைத்தலை மரம். பிறந்த பிள்ளையின் மண்டைபோல மேடும் பள்ளமுமாய்ப் பெரிய பழம். எர்மோசினா ஒரு மதியம் முழுக்க அவள் அடுப்படியில் உட்கார்ந்து பேசிக் கரைத்தாள். ரம்பத்தின் ஒரு முனையையும் அவளே பிடித்தாள். வியாபாரி இரண்டு பருவம் வந்தான், பிறகு வரவில்லை.

எர்மோசினா வீட்டிலும் ஒரு குழந்தைத்தலை மரம் இருந்தது. அதை அறுத்தபோது, பன்றிக் கொட்டகைக்குப் பின்னால் சாய்ந்திருந்த ஒரு கிளையை மட்டும் விட்டுவைத்தாள். ஒட்டுக்குக் கீழே இருந்த கிளை என்பதால் அதில் பழைய பழமே காய்த்தது. கதவைச் சாத்திக்கொண்டு சுட்டுத் தின்பாள். தோலைப் பன்றிக்குப் போட்டுவிடுவாள். தின்னும்போதெல்லாம் டெல்மிராவின் முகம் வந்து நிற்குமாம். இருந்தும் தின்றிருக்கிறாள். பிறகு அவளே என்னிடம் சொன்னது இது.

அந்த வருஷம் கிளை கொள்ளாமல் காய்த்துவிட்டது. பன்றிகளையும் விற்றாயிற்று. அழுகவிட மனமில்லை. இடித்தபின் யாருக்குத் தெரியப்போகிறது என்று மூட்டையின் அடியில் போட்டு, மேலே சிவப்பை நிரப்பிக் கொண்டுவந்தாள்.

முதல் சாறு மூத்தவளுக்கு. கோப்பையை டெல்மிராவிடம் நீட்டினேன். ஒரு மடக்கு குடித்தாள், இன்னொரு மடக்கு குடித்தாள்.

“பெலார்மினோ, கம்ப நிறுத்து” என்றாள் புருஷனிடம்.

“ஏன், பல்லு கில்லு விழுந்திருச்சா?”

“இதுல குழந்தைத்தலை கிடக்கு. யாரு போட்டது?”

“அது செத்து எத்தன வருஷமாச்சு. உனக்கு நாக்கு செத்துப்போச்சு.”

“உப்பில்லாத மீன் கஞ்சிய ருசின்னு குடிக்கிற ஆளு, நீ நாக்கப் பத்திப் பேசாத. யாருடி போட்டது?”

தொட்டிக்குள் பார்த்தோம். வெறும் கூழ். எர்மோசினாவின் கை அதற்குள்ளேயே நின்றது. பேசாமல் இருந்திருந்தால் தப்பியிருப்பாள்.

“நான்தான் மதினி.”

“உன் மரத்தத்தான் அறுத்துட்டியே?”

“ஒரு கிளைய விட்டுட்டேன்.”

“மறந்து விட்டியா, தெரிஞ்சு விட்டியா?”

“தெரிஞ்சுதான்.”

டெல்மிரா கோப்பையைக் கீழே வைத்தாள். “வா, காட்டு.”

கூப்பிடாமலே நானும் பின்னால் போனேன். கிளை நுனியில் ஒரே ஒரு பழம் மிச்சமிருந்தது. டெல்மிரா பறித்து, பாவாடையில் துடைத்துக் கடித்தாள். எங்கள் ஊரில் பக்கத்தில் ஆள் நிற்கும்போது பிட்டுக் கொடுக்காமல் தின்பதில்லை. அவள் கொடுக்கவில்லை. நின்றபடியே விதைவரை தின்று முடித்தாள்.

“ஜூலைக் குளிர்ல, மரம் உறங்கறப்ப வந்து ஒட்டுக்குக் குச்சி வெட்டிக்கிறேன்.”

“நானே வெட்டிக் கொண்டாந்து தரேன் மதினி.”

“வேணாம். உன் கையில ரம்பம் இருந்தத நான் பாத்தவ. நீ ஏணியப் பிடி, போதும்.”

ஜூலை மழையில் நனைந்துகொண்டே எர்மோசினா ஏணியைப் பிடித்தாள். மேலே டெல்மிரா குச்சிகளை வெட்டித் தன் மடியிலேயே கட்டிக்கொண்டாள். மற்ற வீடுகளுக்கும் குச்சி கிடைத்தது. யாருக்குக் கொடுப்பது என்று டெல்மிராதான் சொன்னாள். வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தது எர்மோசினா.