தம்பி பேரில் வாங்கிய பில்

என் வீட்டுக்காரருக்கு ராஜபாளையம் பக்கத்தில் ஒரு நூல் மில்லில் வேலை. சங்கரன்கோவிலிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவார். பஞ்சைப் பிரித்துப் போடுகிற ரூமில் நிற்பார். வீட்டுக்கு வரும்போது புருவத்தில்கூடப் பஞ்சு ஒட்டியிருக்கும். சம்பளத்தில் இன்சூரன்ஸுக்கென்று மாதாமாதம் கொஞ்சம் பிடிப்பார்கள். அதற்கு ஒரு அட்டை உண்டு. அந்த அட்டையைக் காட்டினால் மில்காரர்களுக்கான ஆஸ்பத்திரியில் வைத்தியம் சும்மா. வெளியே டெஸ்ட் எடுக்கச் சொன்னால், பில்லைக் கொடுத்து ரூபாயைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

எண்பதாம் வருஷத்துக்குப் பக்கம் அவருக்கு இருமல் வந்தது. ரெண்டு மாதம் ஆகியும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரி டாக்டர் சளி டெஸ்டும் ரத்த டெஸ்டும் எழுதி, வெளியே எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். டி.பி.யாக இருந்தால் மாத்திரையும் தருவோம், சம்பளத்தோடு மாதக்கணக்கில் லீவும் உண்டு, ஆனால் ரிசல்ட் வேண்டும் என்றார்.

நான் கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டை எழுத்துக்கூட்டி வாசிப்பேன். என் படிப்பு அவ்வளவுதான். ஆனாலும் எங்கள் தெருவில் ஒரு காரியம் என்றால் என்னைக் கேட்காமல் நடக்காது. அந்தக் கெத்து எனக்கு உண்டு. மூத்தவளுக்குத் திருவேங்கடத்தில் ஒரு இடம் பேசிக்கொண்டிருந்தோம். அப்பனுக்குக் காசம் என்று காதில் விழுந்தால் எவன் பெண் எடுப்பான்?

எங்கள் ஊரில் அப்போது டெஸ்ட் எடுக்கிற லேப் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்தது. ரிசல்ட்டை எல்லாம் ஒரு தட்டில் போட்டு வாசல் மேஜையில் வைத்திருப்பார்கள். வருகிறவர்கள் அவரவர் காகிதத்தைக் கிண்டி எடுத்துக்கொள்ள வேண்டும். தன்னுடையதைத் தேடுகிற சாக்கில் ஊர்ச் சீக்கை எல்லாம் வாசித்துவிட்டுப் போவார்கள். நான் அதைப் பார்த்ததும் டாக்டர் சீட்டைச் சுருக்குப் பைக்குள் திணித்துவிட்டேன். என்ன டெஸ்ட் என்று வாயாலேயே சொன்னேன். பேர் கேட்டபோது, வாசுதேவநல்லூரில் இருக்கிற என் தம்பி பேரைச் சொன்னேன். இந்தப் பேரைக் கூப்பிட்டால் எழுந்து போங்கள் என்று இவரிடம் ரகசியமாகச் சொன்னேன். கூப்பிட்டார்கள். எழுந்து போனார்.

ரிசல்ட்டில் டி.பி. என்றுதான் வந்தது. அதையும் பில்லையும் டாக்டர் சீட்டோடு சேர்த்துக் குண்டூசி குத்தி, இவரையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆபீஸுக்குப் போனேன். ரிசல்ட்டும் அந்தக் கவுண்டர் வழியாகத்தான் டாக்டருக்குப் போக வேண்டும். ரூபாய் எவ்வளவு, லேப் சீல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், பேரையா உட்கார்ந்து வாசிப்பார்கள் என்று நினைத்தேன்.

கவுண்டரில் இருந்த கிளார்க் முதலில் பேரைத்தான் பார்த்தார். சீட்டில் ஒரு பேர், பில்லில் ஒரு பேர்.

"இது யாரும்மா?"

எனக்குப் பின்னால் வரிசை. அதில் எங்கள் தெருக்காரர்கள் ரெண்டு பேர். இவர் தள்ளி, தூணோரமாக, வாயில் துண்டை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"எந்தம்பி சார்."

"தம்பி பில்லுக்கு ஒங்க வீட்டுக்காரர் அட்டைல ரூவா தர முடியுமாம்மா?"

பின்னாலிருந்து ஒருத்தர், "அப்பம் எம் மச்சினனுக்கும் ஒரு பில்லு கெடக்கு சார், அதையும் சேத்துக்கிடுங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

"தெரியாமக் கொண்டாந்துட்டேன் சார்" என்று சொல்லிக் காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். காசநோய்க்காரன் பெண்டாட்டி என்பதற்குத் திருடி என்ற பேர் பரவாயில்லை என்று அந்த நேரம் எனக்குப் பட்டது. இன்றைக்கு இதைச் சொல்லும்போதும் கூசுகிறது.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, "ஏளா, இனி மாத்திரைக்கு என்ன செய்ய?" என்று மட்டும் கேட்டார். நாட்டு மருந்து பார்ப்போம் என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

லீவு கிடையாது. மறுநாள் காலையில் அதே பஞ்சு ரூமுக்கே வேலைக்குப் போனார். பதினோரு நாள் போனார். நான் ஆடாதொடைக் கஷாயம் வைத்துக் கொடுத்து, தூக்குச்சட்டியில் சோறும் கட்டி அனுப்பினேன். பன்னிரண்டாம் நாள் கூட வேலை பார்க்கிறவர்கள் ரெண்டு பேர் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து விட்டார்கள். துண்டை விரித்தால் ரத்தம்.

மறுநாள் நான் தனியாகப் போனேன். அதே கவுண்டர், அதே கிளார்க், வரிசையும் அன்றைக்குப் போலத்தான். என் முறை வந்ததும் காகிதத்தை நீட்டினேன்.

"சார், அது எந்தம்பி இல்ல. எங்க வீட்டுக்காரருதான். டி.பி.ன்னு ஊருக்குத் தெரியக் கூடாதுன்னு பேர மாத்திக் குடுத்துட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. பின்னால் நின்ற பெண் மட்டும் ஒரு எட்டு விலகி நின்றாள்.

கிளார்க் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். "அன்னைக்கே சொல்லியிருந்தா, லேப்ல பேரத் திருத்தி சீல் வச்சு வாங்கிட்டு வாங்கன்னு அனுப்பியிருப்பேனேம்மா" என்றார்.

ஊருக்குத் திரும்பி நேரே லேப்புக்குப் போனேன். லேப்காரர் டாக்டர் சீட்டை வாங்கிப் பார்த்தார். நோட்டில் ஒரு கோடு, பில்லில் ஒரு கோடு, ரிசல்ட்டில் ஒரு கோடு. பக்கத்தில் சரியான பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டு சீல் வைத்தார். அவர் குடித்துக்கொண்டிருந்த டீ ஆறக்கூட இல்லை. என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாத்திரை கிடைத்தது. லீவும் கிடைத்தது. டெஸ்டுக்குக் கட்டிய ரூபாயும் பிறகு வந்தது. ஒன்றரை வருஷம் மருந்து சாப்பிட்டு எழுந்துவிட்டார். ஆனால் ஒரு பக்க நுரையீரல் அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார்கள். முன்னமே வந்திருக்கலாமே என்று டாக்டர் கேட்டபோது, இவர் என்னைப் பார்க்காமல், "மில்லுல ஆளு கொறவு சார்" என்றார்.

திருவேங்கடத்து இடம் நகைப் பேச்சில் தட்டிப் போனது. சீக்கைப் பற்றி அவர்கள் கேட்கவே இல்லை.

அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் இருந்தார். மாடிப்படி ஏற மாட்டார். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் நிறுத்தி மூச்சு வாங்குவார். அந்தப் பதினோரு நாளைப் பற்றி என்னிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ரெண்டு பேசி, அதோடு ஆறிப்போயிருப்பேன்.