கடைசிப் பக்கம் பார்க்கிற பெண்

இன்று கன்டோன்மென்ட் லைப்ரரியில் ஒரு பெண் என்னிடம் வந்து, "டீச்சர், இந்த வருஷம் நீங்க படிச்சதுல நல்ல காதல் நாவல் ஒண்ணு சொல்லுங்களேன்" என்றாள்.

வேலைக்காக இந்த ஊருக்கு வந்து, ஜீவனஹள்ளியில் ஒற்றை அறையில் தனியாக இருக்கிற டீச்சரை இப்படி யார் கேட்கிறார்கள்? எனக்கு மிகவும் பிடித்ததையே சந்தோஷமாக எடுத்துக் கொடுத்தேன்.

அவள் நேராகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டப் போனாள்.

"ஐயோ, முடிவை முதல்லயே படிக்கலாமா?"

"சேர்ந்துடுறாங்களான்னு மட்டும் பார்த்துக்குறேங்க. வீட்டுக்காரர் பர்மா சண்டையில இருக்கார். சேதி வந்து ரொம்ப நாளாச்சு."

நான் கொடுத்த கதையில் காதலன் திரும்பி வருவதில்லை.

சட்டென்று புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டேன். செத்துப்போன இளவரசன் மந்திரக் கனியால் பிழைத்து வரும் மாயாஜால நாவலைக் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"சனிக்கிழமை வர்றேன் டீச்சர், உக்காந்து பேசலாம்."

இந்த ஊரில் புத்தகங்களைப் பற்றிப் பேச எனக்குக் கிடைத்த முதல் ஆள்.

ஆனால் இந்த வருஷம் நான் உருகி உருகிப் படித்த காதல் கதைகள் எல்லாம் பிரிவில்தான் முடிகின்றன. காதலர்கள் சேருகிற நாவல் தெரிந்தவர்கள் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள். முடிவையும் சொல்லிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.