நிழல் கேட்ட மாத்திரை

மருந்துக்கடை மேசைக்குப் பின்னால் காலம் தள்ளிய உங்களுக்குத் தெரியும்: டாக்டர் கையெழுத்தை வாசிப்பது பாதி வேலைதான், வாங்கிப்போனவர் வீட்டில் அந்த மாத்திரையை என்ன செய்கிறார் என்பது மீதி வேலை.

ஆறு நாள் கையிருப்பு

எழுபதுகளின் கடைசியில் ராசிபுரத்தில் கடை வைத்திருந்தேன். வெண்ணந்தூர்த் தறிக்காரர் செங்கோடன் ஒரு சீட்டோடு வந்தார். அவருக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், தங்கை பாவாயி ஒன்றைக் கொடுக்க, மெட்ராஸில் வைத்துத் தைத்து அனுப்பியிருந்தார்கள். புதிதாக வந்ததை உடம்பு அந்நியமென்று தள்ளிவிடாமலிருக்க அசதயோப்ரின் மாத்திரையை நாள் தவறாமல் போட வேண்டும். கையில் ஆறு நாளைக்குத்தான் இருந்தது. சேலத்து மொத்தக் கடைகளில் கேட்டால் உதட்டைப் பிதுக்கினார்கள்.

மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். ஐந்தாம் நாள் காலையில் பஸ் கண்டக்டர் பொட்டலத்தை இறக்கினார். கடை வாசலிலேயே நின்றிருந்த பாவாயி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்ப நாங் குடுத்தது வீணாப் போகாதுங்க."

ஜன்னலோர பாட்டில்

ஒருநாள் வெண்ணந்தூர் போனவன் செங்கோடன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். தறிக்குப் பக்கத்து ஜன்னலில் ஊறுகாய் பாட்டில். அதில் என் மாத்திரைகள். பளீரென்று வெயில். ஈரம் தட்டாமலிருக்க வெயிலில் வைத்தாராம்.

அந்த மருந்து வெளிச்சத்தில் கெடும். அதனால்தான் பழுப்பு பாட்டிலில் போட்டுக் கொடுத்திருந்தேன். கெட்டதைத் தின்றிருந்தால் பாவாயி கொடுத்தது என்னாகும்? டாக்டரைக் கேட்டு, புது மாத்திரை கொடுத்து, மறுநாளே ரத்தம் பரிசோதிக்க அனுப்பினேன். சிறுநீரகத்துக்கு ஒரு குறையும் இல்லை என்று முடிவு வந்த அன்றுதான் எனக்குச் சோறு இறங்கியது. செங்கோடன் சாவகாசமாகச் சொன்னார்: "சாய நூலைக் கூட நெழல்லதானுங்க ஒணத்துவோம். மாத்திரைக்கும் அப்படின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க."

தெருவில் பாவு

அவர் சொன்னது சரிதான். அதிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தேன். இந்த மருந்து சாப்பிடுகிறவர் தோலுக்கும் வெயில் ஆகாது. ஆனால் தறிக்காரர் நெசவு நூலைத் தெரு நீளத்துக்கு விரித்துப் பாவு நீட்டாமல் எப்படிப் பிழைப்பது? செங்கோடன் தெருக்காரர்களிடம் சொன்னார். மறுவாரமே அந்தத் தெருவில் எல்லாரும் கருக்கலில் பாவு நீட்டி, வெயில் ஏறுமுன் சுருட்டினார்கள். முழுக்கைச் சட்டையும் துண்டுமாக அவரும் நின்றார்.

யாருக்கும் சிரமமில்லையா என்று எதிர்வீட்டுக்காரரைக் கேட்டேன். "அவுரால எங்களுக்கும் மண்டை காயலீங்க," என்றார்.

மருந்துக் கம்பெனிக்காரர்

எண்பதுகளில் ஒரு கம்பெனிப் பிரதிநிதி கடைக்கு வந்தார். உடம்புக்குள் ஆக்சிஜனால் நடக்கும் சேதம் இரும்பில் துரு ஏறுவது போல என்றார். மாற்று உறுப்பைக் காக்கும் மருந்துகளில் சில அந்தத் துருவையும் தடுக்குமா என்று ஆராய்கிறார்களாம், இன்னும் உறுதியில்லையாம். மாத்திரை வாங்க வந்திருந்த செங்கோடன் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இந்த மாத்திரையே வெயிலத் தாங்காது. அது நம்ம துருவப் பாத்துக்குதுன்னா பெரிய மனசுதானுங்க."

தாய்மாமன்

பாவாயி மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். செங்கோடன் தன் கையால் நெய்த பட்டுச்சேலையைத் தட்டில் வைத்து, மேளம் முன்னால் போக, தலை நிமிர்ந்து நடந்து வந்தார். பந்தலில் இருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். தட்டை வாங்கிக்கொண்ட பாவாயி என்னைப் பார்த்துச் சொன்னார்: "சீர் கொண்டார எங்கண்ணன் இருக்குறாருங்க. இன்னும் என்னங்க வேணும்?"

வந்தவர் திரும்ப வராமலிருப்பதுதான் நம் மருந்துக்குப் பெருமை என்பார்கள். என் பெருமையோ, ஒருவர் பத்து வருஷமாக மாதந்தவறாமல் வந்துகொண்டே இருந்தது.