முதலாம் ஆண்டு விருந்து

அப்பா போன பிறகு ஒரு வருஷமாக அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டால், "சாப்பிட்டேன்லா" என்பார். என்ன சாப்பிட்டார் என்று துருவினால் பிஸ்கட் என்று பதில் வரும். கிள்ளானில் தனியாக இருக்கும் அவருக்கு நான் சுபாங் ஜெயாவிலிருந்து வாரம் இரண்டு முறை குழம்பு வைத்துக் கொண்டு போவேன். அடுத்த முறை போகும்போது அது ஐஸ் பெட்டியில் அப்படியே இருக்கும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நன்றாகக் கத்திவிட்டு, காரில் வந்து உட்கார்ந்து அழுவேன்.

அப்பா இதற்கு நேர்மாறு. எந்தக் கடைக்குப் போனாலும் பெயர் தெரியாத பண்டமாகப் பார்த்துக் கேட்பார். ஒருமுறை அம்பாங் பக்கம் போனபோது ஒரு பெரிய உணவகத்தின் வாசலில் நின்று, மெனு எங்கே என்று விசாரித்தார். மெனு மாறிக்கொண்டே இருக்கும், உட்கார்ந்தால் வருவதைச் சாப்பிட வேண்டியதுதான் என்றார் காவலாளி.

"அப்ப இது நம்ம கடைலா! ஒரு நல்ல நாள் பாத்து வருவோம்" என்றார் அப்பா. நல்ல நாள் வருவதற்குள் அவர் போய்விட்டார்.

முதலாம் ஆண்டு நினைவு நாளன்று காலையில் வீட்டில் படையல் போட்டோம். காக்கைகூட வந்து ஒரு பிடி பிடித்தது. அம்மா தொடவில்லை. சாயந்திரம் அந்த உணவகத்தில் இரண்டு பேருக்கு மேசை பதிவு செய்திருந்தேன். அப்பா ஆசைப்பட்ட இடத்தில் சாப்பிடுவதும் படையல்தான் என்று மல்லுக்கட்டி அம்மாவை அழைத்துப் போனேன்.

உள்ளே போனதும் தூக்கிவாரிப் போட்டது. மேசை முழுக்க ரோஜா இதழ்கள். நடுவில் 'ஹேப்பி அனிவர்சரி' என்று ஓர் அட்டை. பரிமாறுகிற பெண் நம்மவர். வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார்.

"வாழ்த்துகள் ஆன்டி! அங்கிள் கார் பார்க் பண்றாரா? அக்கா, நீங்க ட்ராப் பண்ண வந்தீங்களா?"

நான் அம்மாவின் காதைக் கடித்தேன். "யாரும்மா இவங்ககிட்ட இப்படிச் சொன்னது?"

"நேத்து இந்தக் கடைலேர்ந்து போன் பண்ணி என்ன விசேஷம்னு கேட்டாங்க. ஹஸ்பன் அனிவர்சரின்னேன். பேப்பர்லயும் அப்படித்தானே போட்டோம்?"

உண்மைதான். ஆங்கிலப் பத்திரிகையில் வந்த நினைவஞ்சலிக்கு 'ஃபர்ஸ்ட் அனிவர்சரி' என்று எழுதிக் கொடுத்தவளே நான்தான். பதிவுக்கு அம்மாவின் போன் நம்பரைக் கொடுத்த புத்திசாலியும் நான்தான்.

அந்தப் பெண் விடுவதாக இல்லை. "எத்தனாவது வருஷம் ஆன்டி?"

"முதல் வருஷம்" என்றார் அம்மா.

அந்தப் பெண் அம்மாவின் நரைத்த தலையைப் பார்த்தார். பிறகு நாற்பது வயது மகளான என்னைப் பார்த்தார். இந்த வயதில் கல்யாணமா என்று அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. ஐயோ, அழுகிறார் என்று பதறி எழுந்தேன்.

சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வர, மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். ஒரு வருஷமாக நான் கேட்காத சிரிப்பு.

"அங்கிள் வரமாட்டாரும்மா. அவரு செத்துத்தான் ஒரு வருஷம்."

பாவம், அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. மன்னிப்புக் கேட்டபடி இதழ்களை அவசரமாகக் கூட்டி அள்ளினார். அம்மா அவர் கையைப் பிடித்தார். "இருக்கட்டும்லா. நீ சாப்பாட்டைக் கொண்டா."

பெரிய பெரிய தட்டுகளில் துளித் துளியாக வந்தன. ஏதோ பூவின் மேல் ஒரு கரண்டி நண்டு, பச்சை நிறத்தில் ஒரு சூப், பெயர் வாயில் நுழையாத மீன். அம்மா ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்து, இது என்ன, அது என்ன என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார். தன் மீன் முடிந்ததும் என் தட்டிலிருந்ததையும் எடுத்துக்கொண்டார். நான் என் தட்டையே அவர் பக்கம் தள்ளிவிட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

கிளம்பும்போது, அடுத்த மாதம் மெனு முழுக்க மாறிவிடும் என்றார் அந்தப் பெண். கார் கதவைத் திறந்தபடி அம்மா சொன்னார், "அடுத்த மாசத்துக்கும் சொல்லி வச்சிடு."

"என்ன விசேஷம்னு கேப்பாங்களேம்மா?"

"எங்கம்மாவுக்குப் பசிக்குதுன்னு சொல்லு."